விதை நேர்த்தி செய்த குழாய்

அருள்மொழியிடம் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பிவிட முடியாது. போடிநாயக்கனூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு எட்டு வயது. ஆசிரியை கரும்பலகையில் தேதியை மாற்றி எழுதினால் எழுந்து நின்று திருத்துவாள். பால்காரர் அரை லிட்டர் ஊற்றினால், "நுரை அடங்குனப்பெறகு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பாள். வம்புக்குக் கேட்பதில்லை. எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்கிற அக்கறைதான். அதனாலேயே அவளைத் திட்டவும் முடியாமல் எல்லோரும் தவித்தார்கள்.

அவளுடைய வலது காதுக்குப் பின்னால், முடிக்குள், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு உண்டு. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவள் தலை வேகமாகப் பெருத்துக்கொண்டே போனது. மூளைக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்கிவிட்டது. மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில், அந்த நீரைத் தலையிலிருந்து வயிற்றுக்குக் கொண்டுபோகிற மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். வயிற்றுக்குள் வந்த நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். காதுக்குப் பின்னால் தெரிகிற மேடு, நீரை அளவாக இறங்கவிடுகிற அந்தக் குழாயின் வால்வு. பள்ளியில் அதைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு விரலால் மட்டும், மூன்று எண்ணுவதற்குள் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று அவளே விதி வைத்திருந்தாள்.

பிள்ளை வளர வளரக் குழாய் பற்றாமல் போனது. ஜூன் மாதம் அதை மாற்றி வேறொன்று வைத்தார்கள். தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அப்பா தங்கபாண்டி ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். சனிக்கிழமை என்றால் அருள்மொழி முன்சீட்டில் இருப்பாள். மெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் அவள் உரக்க எண்ணுவாள். அவளைச் சீண்டுவதற்காகவே தங்கபாண்டி எண்ணைத் தப்பாகச் சொல்லுவார். அவள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வழக்கு நடத்துவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சாட்சி சொல்லுவார்கள். மலை ஏறுகிற அலுப்பு யாருக்கும் தெரியாது.

ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை. காலையில் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அம்மா சந்திரவல்லி இருந்துவிடச் சொன்னாள். "இல்ல, நான் வர்றேன்" என்று அருள்மொழி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஆறாவது வளைவு திரும்பும்போது தங்கபாண்டி வழக்கம்போல, "நாலு" என்றார்.

அவள் திருத்தவில்லை.

"நாலாவது வளைவுத்தா. சரிதான?"

அருள்மொழி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா" என்றாள்.

பின்னால் பேச்சு சட்டென்று நின்றது. தங்கபாண்டி ஜீப்பை ஓரங்கட்டினார். மகளின் கழுத்தில் புறங்கை வைத்துப் பார்த்தார். அனலாக இருந்தது. "வயிறு வலிக்குதுப்பா. தலையும்" என்றாள் அவள்.

பின்சீட்டுப் பெண்களில் மூத்தவரான முனியாயி முதலில் இறங்கினார். "அப்பு, நீ வண்டியத் திருப்பு. எங்களுக்கு எந்த ஜீப்பாச்சும் வரும். பாப்பா நாலுன்னதுக்குச் சரின்னு சொல்லுதுன்னா, அது சரியில்ல."

ஐந்து நிமிடத்தில் ஜீப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் சந்திரவல்லி சட்டையை விலக்கிப் பார்த்தபோது, கழுத்திலிருந்து நெஞ்சு வரை குழாய் ஓடுகிற தடத்தில் தோல் சிவந்திருந்தது. போடியில் பார்த்த டாக்டர் அந்தச் சிவப்பைக் கண்டதும் வேறெதுவும் பார்க்கவில்லை. "இதுக்கு நான் மருந்து எழுதக் கூடாது. இப்பவே மதுரைக்கு வெரசா கெளம்புங்க" என்றார்.

மதுரையில் மூளை அறுவை மருத்துவர் அனுப்பிரியா, காதுக்குப் பின்னால் இருந்த மேட்டில் மெல்லிய ஊசி வைத்துச் சொட்டு நீர் எடுத்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது அரிசி கழுவின நீர் மாதிரி கலங்கி வந்தது. குழாயில் கிருமி குடியேறிவிட்டது.

சந்திரவல்லி அதற்குள் மனசுக்குள் ஒரு விசாரணையையே நடத்தி முடித்திருந்தாள். தலைக்கு ஊற்றிய தண்ணீரைக் கொதிக்க வைத்தோமா? பார்க்க வந்தவர்களில் யார் தொட்டது? தலையணை உறையை எப்போது மாற்றினோம்? எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவளாகத்தான் இருந்தாள்.

"டாக்டர், நான் எங்க தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள்.

அனுப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "நீங்க எந்தத் தப்பும் பண்ணலைம்மா. இந்தக் கிருமி என் தோல்லயும் இருக்கு, உங்க தோல்லயும் இருக்கு, எல்லார் தோல்லயும் இருக்கு. அது வெளிய இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. குழாய் வைக்கிற நேரத்துல ஒண்ணு ரெண்டு உள்ள போயிட்டாப் போதும். குழாயில ஒட்டிக்கிட்டுப் பிசின் மாதிரி ஒண்ணைச் சுரந்து, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். அப்புறம் எவ்வளவு மருந்து குடுத்தாலும் போய்ச் சேராது. நாங்க எவ்வளவு சுத்தமாச் செஞ்சாலும் சில பிள்ளைகளுக்கு வந்துடுது."

"இப்ப என்ன செய்யணும்?"

"குழாயை எடுத்துடணும். கிருமி சாகுற வரைக்கும் நீரை வெளிய ஒரு பையில வடிய விடணும். அப்புறம் புதுசு வைக்கலாம்."

அன்று மாலையே குழாயை எடுத்துவிட்டார்கள். அருள்மொழியின் தலையிலிருந்து வந்த சின்னக் குழாய் ஒன்று கட்டிலோரம் கம்பியில் தொங்கிய பையில் போய் முடிந்தது. பை சரியாகக் காது மட்டத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அவள் எழுந்து உட்கார்ந்தால் நீர் வேகமாக இறங்கிவிடும் என்பதால் முதலில் குழாயை அடைக்க வேண்டும். அதன்பிறகுதான் எழலாம்.

நாலு நாள் வெறும் காய்ச்சலும் தூக்கமுமாகப் போனது. ஐந்தாம் நாள் காலை, கட்டிலைச் சுற்றி வந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், "குட் மார்னிங் அருள்செல்வி" என்றார்.

"அருள்மொழி" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

சந்திரவல்லி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். பயிற்சி மருத்துவர் பெயரை மாற்றிச் சொன்னதற்காக அவளிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

அன்றிலிருந்து அந்த வார்டு அருள்மொழியின் ஆளுகைக்குள் வந்தது. ஈஸ்வரி என்கிற மூத்த செவிலியர், கையைச் சோப்பு போட்டு எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எண்ணிக்கொண்டிருப்பது சலிப்பாக இருக்கும் என்று அருள்மொழி அதற்குப் பதிலாக எட்டாம் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வர வேண்டுமானால் கை கழுவும் தொட்டியில் நின்று ஓரெட்டு எட்டு என்று தொடங்கி உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவர் ஏழெட்டில் தடுமாறி ஐம்பத்து நாலு என்றார்.

"ஐம்பத்தாறு. மறுபடி மொதல்ல இருந்து வாங்க."

அவர் மறுபடி சோப்பு எடுத்தார். அனுப்பிரியாவும் வாய்ப்பாடு சொல்லித்தான் வந்தார். அவர் ஒருமுறைகூடப் பிசகவில்லை. அருள்மொழிக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

பதினோராம் நாள், நீரில் கிருமி இல்லை என்று தொடர்ந்து பரிசோதனை முடிவுகள் வந்தன. அனுப்பிரியா தங்கபாண்டியையும் சந்திரவல்லியையும் கூப்பிட்டுப் பேசினார்.

"அடுத்த புதன்கிழமை புதுக் குழாய் வைக்கலாம். இந்தத் தடவை இடது பக்கம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு போன தடவை வச்ச சாதாக் குழாய். இன்னொண்ணுல கிருமியைக் கொல்ற ரெண்டு மருந்தை ஊற வச்சிருப்பாங்க. உள்ள வச்சப்புறம் மருந்து கொஞ்சங் கொஞ்சமாக் கசியும். அதனால கிருமி ஒட்டி வீடு கட்ட முடியாது. வெளிநாட்டுல பெரியவங்க, பிள்ளைங்கன்னு ஆயிரத்து அறுநூறு பேருக்கு வச்சுப் பார்த்தாங்க. சாதாக் குழாய் வச்சவங்கள்ல நூத்துக்கு ஆறு பேருக்குக் கிருமி வந்துச்சு. மருந்துக் குழாய்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கு."

"அப்ப வரவே வராதுன்னு சொல்ல முடியாதா டாக்டர்?" என்று தங்கபாண்டி கேட்டார்.

"முடியாது. வர்றதுக்கான வழி குறையும். பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த மாட்டேன்."

தங்கபாண்டிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிரேக் பிடிக்குமா என்று கேட்டால் 'ஆண்டவன் இருக்கான்' என்கிற மெக்கானிக்கை அவர் நம்புவதில்லை. சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்தார். மச்சானுக்குப் போன் போட்டார்.

சந்திரவல்லியின் அண்ணன் பெரியகருப்பன் ராசிங்காபுரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவர், அன்றோடு உரமூட்டையையும் பூச்சிமருந்து டப்பாவையும் தலைமுழுகினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் கொசுவத்தி கூடாது, டால்கம் பவுடர் கூடாது, பாத்திரத்துக்குச் சாம்பல்தான் என்று போய்க்கொண்டே இருந்தார். தலைவலித் தைலம் பூசியவர் பக்கத்தில்கூட உட்கார மாட்டார். தங்கை மகள் என்றால் அவருக்கு உயிர். 'மருந்துல ஊற வச்ச குழாய்' என்று தங்கபாண்டி சொன்ன ஒரே வாக்கியத்தில் பெரியகருப்பன் முதல் பஸ்சைப் பிடித்துவிட்டார்.

காலை பத்து மணிக்கு, ஒரு சாக்குப்பை நிறைய முருங்கைக்காயோடு வார்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமா, கை" என்றாள் அருள்மொழி.

"வயல்ல இருந்தா வர்றேன்? பஸ்சுல இருந்து வர்றேந்தா."

"பஸ்சுன்னா ரெண்டு தடவ கழுவணும்."

பெரியகருப்பன் முருங்கைக்காயை வெளியே வைத்துவிட்டு, தொட்டியடியில் நின்று எட்டாம் வாய்ப்பாட்டை இரண்டு முறை சொன்னார். அந்தக் காலத்துப் படிப்பு, பிசகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, மருந்துக் குழாயெல்லாம் வேணாம். மண்ணுலயே நான் விஷம் போடுறதில்ல. நம்ம புள்ள தலைக்குள்ள போட விடுவேனா? சாதாவே வைக்கச் சொல்லுங்க."

"மச்சான், சாதா வச்சுத்தான இம்புட்டும்" என்றார் தங்கபாண்டி.

"அது நேரம் சரியில்லாம வந்தது."

"அண்ணே, டாக்டரு எல்லாம் விளக்கமாச் சொன்னாங்க" என்றாள் சந்திரவல்லி.

"அவங்க சோலி மருந்து குடுக்குறது. ஒரக்கடைக்காரன் ஒரம் போடாதன்னு சொல்லுவானா?"

அந்த நேரத்தில் அனுப்பிரியா வந்து சேர்ந்தார். பெரியகருப்பன் எழுந்து கும்பிட்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகளுக்கு அனுப்பிரியா நின்றபடியே பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் பெரியகருப்பன், "அதெல்லாம் சரித்தா தாயி" என்று ஆரம்பித்துப் பழைய இடத்துக்கே வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

அருள்மொழி படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, சித்திரையில கடலை போட்டீங்கள்ல?"

"ஆமாத்தா."

"விதையச் சும்மாவா போட்டீங்க?"

பெரியகருப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "அது வேற."

"என்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

"விதை நேர்த்தி செஞ்சேன்."

"நானுந்தான் கூட இருந்தேன். சாணி, கோமியம், சுண்ணாம்பு எல்லாம் கலக்கி, அதுல கடலையப் போட்டுப் பெரட்டி நெழல்ல காய வச்சோம். எதுக்கு மாமான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

பெரியகருப்பனுக்குத் தான் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் சிக்கல். அவளே சொன்னாள்.

"மண்ணுக்குள்ள அழுகல் நோவு இருக்கும்; வெறும் விதையப் போட்டா முளைக்கிறதுக்கு முன்னாடி அது தின்னுரும்; வேர் பிடிக்கிற வரைக்கும் இது காவல் நிக்கும், அதுக்கப்பறம் செடி தன்னைத்தானே பாத்துக்கும்னு சொன்னீங்க."

பெரியகருப்பன் துண்டை மடித்தார், உதறினார், திரும்ப மடித்தார். பிறகு அனுப்பிரியாவைப் பார்த்தார்.

"இந்தக் குழாய்ல மருந்து எத்தன நாளைக்கு நிக்கும் தாயி?"

"ஒரு மாசம், அதுக்குக் கொஞ்சம் மேலயும் நிக்கும் ஐயா."

"கிருமி எப்ப வரும்?"

"பெரும்பாலும் ஆபரேஷன் அன்னைக்கே உள்ள போயிடும். அடுத்த சில வாரத்துல, சில மாசத்துல வெளிய தெரியும்."

"நெல்லு நாத்துக்குப் போடுற மாதிரி உடம்பு முழுக்கத் தெளிக்கிறதில்லையே?"

"இல்ல. குழாயோட இருக்கும். ரத்தத்துல அளவுக்குக்கூடத் தெரியாது."

"அப்ப இது விதை நேர்த்தி" என்றார் பெரியகருப்பன், அந்தக் கண்டுபிடிப்பு தன்னுடையது என்கிற தோரணையில். "மொதல்லயே விதை நேர்த்தின்னு சொல்லியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்? என்ன மருந்து அது? ரசாயனமா?"

அனுப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ரெண்டு மருந்துக்கும் மூலம் மண்ணுல வாழுற நுண்ணுயிர்தான் ஐயா. அதுல இருந்து எடுத்ததை அப்புறம் ஆலையில மாத்தித் தயாரிக்கிறாங்க."

பெரியகருப்பன் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வார்டிலுள்ள பன்னிரண்டு கட்டிலுக்கும் போய், மண்ணிலிருந்து எடுத்த மருந்தால் குழாய்க்கு விதை நேர்த்தி செய்கிற முறையை விளக்கிவிட்டார். எலும்பு முறிந்து படுத்திருந்த ஒருவர், தனக்கும் அதைச் செய்ய முடியுமா என்று ஈஸ்வரியிடம் விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை அனுப்பிரியா புதுக் குழாயைப் பிரிக்காத உறையோடு கொண்டுவந்து அருள்மொழிக்குக் காட்டினார். சாதாக் குழாய் நிறமற்று இருக்கும். இது செம்மஞ்சளாக இருந்தது. ஊறியிருக்கும் மருந்தின் நிறம் அது.

"உறையை எப்பப் பிரிப்பீங்க?" என்று அருள்மொழி கேட்டாள்.

"வைக்கப் போற நிமிஷத்துலதான்."

"யாரு தொடுவாங்க?"

"நான் மட்டும். அதுவும் கையுறையைப் புதுசா மாத்திக்கிட்டு."

"ரூமுக்குள்ள எத்தனை பேரு?"

"தேவைப்படுறவங்க மட்டும். நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷனே உன்னதுதான். கதவைத் திறந்து திறந்து மூடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்து உள்ள வரும்."

அருள்மொழி ஈஸ்வரியிடம் ஒரு பெரிய தாளும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி, படுத்தபடியே கோணல்மாணலாக எழுதினாள்:

'உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக் கூடாது. வெளியே இருப்பவர்கள் உள்ளே போகக் கூடாது. எதையாவது மறந்திருந்தால் அது முன்னாடியே யோசித்திருக்க வேண்டியது. இப்படிக்கு, த. அருள்மொழி, மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.'

"இதைக் கதவுல வெளிப்பக்கம் ஒட்டுவீங்களா?"

"ஒட்டுறேன்" என்றார் அனுப்பிரியா. ஒட்டவும் செய்தார்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் தள்ளுபவரிடம் வளைவில் மெதுவாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் சந்திரவல்லி சுவரோரம் உட்கார்ந்து, மகளின் தலைமுடியைக் கட்டியிருந்த ரப்பர் வளையத்தை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். தங்கபாண்டி நின்றார், நடந்தார், நின்றார். மலைச்சாலையில் மூடுபனியில் வண்டி ஓட்டுகிறவர், அந்தக் கதவைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பெரியகருப்பன் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் போனார்.

"இப்ப எதுக்கு மச்சான்?" என்று தங்கபாண்டி கேட்டார்.

"வேற என்னதான் செய்யச் சொல்றீங்க மாப்ளே" என்றார் அவர்.

எட்டு மணி வாக்கில், அந்தத் துறையின் தலைமை மருத்துவர் ஐந்தாறு மாணவர்களோடு அந்தப் பக்கம் வந்தார். கதவருகே கையைக் கொண்டுபோனவர் தாளைப் பார்த்து நின்றார். முழுவதும் படித்தார். ஒரு மாணவன் கதவின் சதுரக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கப் போனான். அவர் அவன் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஆ பிரிவு சொல்லியிருக்கு, படிக்கலியா?" என்று கேட்டுவிட்டு, வந்த வழியே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்தது. அனுப்பிரியா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "நல்லா வச்சாச்சு. நீர் தெளிவா இறங்குது. கதவு ஒரு தடவைகூடத் திறக்கல."

ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது சந்திரவல்லியிடம் அனுப்பிரியா சொன்னது ஒன்றுதான்: காய்ச்சல், தடத்தில் சிவப்பு, விடாத தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, இதில் எது வந்தாலும் 'சாதாரணமாக இருக்கும்' என்று நினைக்காமல் உடனே வர வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த இருபத்து மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது.

நூற்றியொன்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சந்திரவல்லி துணிமணியை எடுத்தாள். தங்கபாண்டி ஜீப்பை எடுத்தார். பெரியகருப்பன் ராசிங்காபுரத்திலிருந்து பைக்கில் வந்து தேனியில் சேர்ந்துகொண்டார். ஆண்டிபட்டிக் கணவாயில் அருள்மொழி தண்ணீர் கேட்டாள். மூன்று பேரும் மூன்று பாட்டிலை நீட்டினார்கள்.

அனுப்பிரியா தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சிவப்பு இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலி இல்லை. ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார். கடைசியாக டார்ச் அடித்து, "ஆ காட்டு" என்றார்.

தொண்டை இரண்டு பக்கமும் சிவந்து வீங்கியிருந்தது.

"வகுப்புல வேற யாருக்காச்சும் இருமல் இருக்கா?"

"பதினோரு பேருக்கு" என்றாள் அருள்மொழி, வலிக்கிற தொண்டையோடு. "சுகன்யாவச் சேத்தா பன்னண்டு. ஆனா அவ நடிக்கிறா."

அனுப்பிரியா டார்ச்சை அணைத்தார். "தொண்டைப்புண்தான்னு தோணுது. ஆனாலும் ரெண்டு நாள் இங்க வச்சுப் பாத்துட்டு அனுப்புறேன். குழாயை இப்ப ஊசி போட்டுக் குத்த வேணாம். காரணமில்லாமத் தொடாம இருக்கிறது நல்லது."

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் அருள்மொழி, வார்டுக் கடிகாரம் நாலு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று ஈஸ்வரியிடம் புகார் கொடுத்தாள்.

பெரியகருப்பனுக்குத்தான் ஆறவில்லை. "ஒரு தொண்டை, அதுக்காக நான் தேனியில பைக்க யார் வீட்டு முன்னாடி விட்டேன்னுகூடத் தெரியல" என்றார். ஊருக்குப் போகிற வழியில் மூன்று தெரு சுற்றித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பொங்கல் முடிந்து ஆறாம் மாதப் பரிசோதனைக்குத் தாயும் மகளும் மட்டும் போனார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கிருமி வருகிற காலம் பெரும்பாலும் தாண்டிவிட்டது, இனி அடிக்கடி வர வேண்டாம், ஏதாவது தொந்தரவு இருந்தால் தவிர அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிரியா சொன்னார். சந்திரவல்லி அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் திரும்பச் சொன்னார்.

இரண்டரை மணி பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உசிலம்பட்டி தாண்டுவதற்குள் சந்திரவல்லி தூங்கிவிட்டாள். ஏழு மாதமாக அவள் ஒரு கையை மகளின் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறாள். கை நழுவினால் விழித்துக்கொள்வாள். இன்று இரண்டு கையும் மடியில் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆண்டிபட்டியில் ஆட்கள் ஏறினார்கள், தேனியில் பாதிப் பஸ்சு இறங்கியது, ஒருவர் கோழிக்கூடையை அவள் காலடியில் வைத்தார். எதற்கும் அவள் அசையவில்லை.

அருள்மொழி எழுந்து, இறங்குகிறவர்கள் இடிக்காதபடி அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கண்டக்டர் பின்னாலிருந்து, "போடி, போடி, எல்லாம் எறங்குங்க" என்று விசிலோடு வந்தார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அம்மா தூங்குறாங்க."

"ஊரு வந்துருச்சு பாப்பா. வண்டி ஷெட்டுக்குப் போகணும்."

"எத்தனை மணிக்குப் போகணும்?"

கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

"அப்ப பத்து நிமிசம் கழிச்சு எழுப்புறேன்" என்றாள் அருள்மொழி.

கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.